காட்டுப்பூனைக்கு காட்டுப்பூனையால ஆபத்தா? 'வைல்ட்'ங்கிற வார்த்தைக்குள்ள ஒளிஞ்சிருக்கிற ஓனர்

போன வருஷம் ஒரு வனவிலங்கு டாக்குமென்டரிக்கு தமிழ் சப்டைட்டில் போட்டுக்கிட்டு இருந்தேன். ஸ்காட்லாந்து மலைப்பக்கம் வாழுற பூனையைப் பத்தின எபிசோட். ஒரே ஒரு வாக்கியம், அதுலயே ஒரு மத்தியானம் முழுக்க போச்சு. வைல்ட்கேட் இனத்துக்கு இன்னைக்கு இருக்கிற பெரிய ஆபத்து ஃபெரல் கேட்தான்னு பின்னணிக் குரல் சொல்லுது. நான் வேகத்துல "காட்டுப்பூனைகளுக்குப் பெரிய ஆபத்து காட்டுப்பூனைகளே"ன்னு அடிச்சு அனுப்பிட்டேன். சரிபார்க்கிற அண்ணன் அதைத் திருப்பி அனுப்பி, பக்கத்துல "என்ன தம்பி, பூனைங்களுக்குள்ள பங்காளிச் சண்டையா?"ன்னு எழுதியிருந்தாரு.

அவர் கேட்டதுல தப்பில்ல. இங்கிலீஷ்ல அது ரெண்டும் வேற வேற. வைல்ட்கேட்ங்கிறது ஆதியிலேருந்தே மனுஷன் கை படாம வாழ்ந்துக்கிட்டு வர்ற ஐரோப்பியப் பூனை, ஃபெலிஸ் சில்வெஸ்ட்ரிஸ்னு பேரு, தடிச்ச வாலு, வாலுல கருப்பு வளையம், நுனி கூரா இல்லாம மழுங்கி இருக்கும். ஃபெரல் கேட்ங்கிறது மடியில படுத்து புர்ர்னு சத்தம் போடுற அதே வீட்டுப்பூனைதான், என்னைக்கோ ஒரு நாள் அதுவோ அதோட பாட்டியோ வீட்டை விட்டுப் போயி, இப்ப தானா வேட்டையாடித் தின்னுக்கிட்டு, ஆளைக் கண்டா சீறிக்கிட்டு திரியுது. ரெண்டும் கூடினா குட்டி பொறக்கும், அந்தக் குட்டியும் குட்டி போடும், இப்படியே போனா வைல்ட்கேட்னு தனியா ஒண்ணு இல்லாமலே கரைஞ்சு போயிடும். அதாவது அங்க நடக்கிறது சண்டை இல்ல, சம்பந்தம்.

அகராதியைப் புரட்டினா வைல்டுக்கும் காட்டு, ஃபெரலுக்கும் காட்டு. பத்தாததுக்கு தமிழ்ல காட்டுப்பூனைன்னு சொல்றது மூணாவதா ஒரு ஜீவன், இங்கிலீஷ்காரங்க ஜங்கிள் கேட்ங்கிற ஃபெலிஸ் சாவ்ஸ். அதுவும் அடர்ந்த காட்டைத் தேடிப் போறதில்ல, நாணலும் கோரையும் மண்டின தண்ணிப் பக்கம்தான் அதுக்கு இஷ்டம். இதுல இன்னொரு கூத்து, ஜங்கிள்ங்கிற வார்த்தைக்கு மூலமான ஜாங்கலம்னா சமஸ்கிருதத்துல வறண்ட நிலம், ஆயுர்வேத நூல்கள்ல ஈரமான ஆநூப நிலத்துக்கு நேர் எதிரா அது வரும். வறண்ட நிலத்தோட பேரு மழைக்காட்டுக்குப் போயி, அங்கேருந்து தண்ணியோரப் பூனைக்கு வந்து ஒட்டிக்கிச்சு. சரி, அதை விடுங்க.

எனக்கு அந்த ஃபெரல்தான் உறுத்திக்கிட்டே இருந்துச்சு. இங்கிலீஷ்காரங்களுக்கு எதுக்கு இதுக்குன்னு தனியா ஒரு வார்த்தை? நோண்ட ஆரம்பிச்சதும் ஒண்ணு பிடிபட்டுது. இந்த வார்த்தைங்க அந்த மிருகம் எவ்ளோ மூர்க்கம், எவ்ளோ சாதுன்னு சொல்ல வந்ததே இல்ல. அது யாரோடது, யாரோடதா இருந்துச்சு, யாரோடதும் இல்லையா, அதைத்தான் சொல்லுது. வைல்ட்னு நாம படிக்கிற இடத்துல எல்லாம் சத்தமில்லாம ஒரு ஓனர் பின்னாடி நிக்கிறாரு, இல்லேன்னா ஓனர் உக்கார வேண்டிய நாற்காலி காலியா கிடக்குது.

வேர்ச்சொல்லைப் பார்த்தா மட்டும் இது தெரியாது, அங்க எல்லாம் வெறும் காடுதான். சேவேஜ்ங்கிறது லத்தீன் சில்வாட்டிகஸ்லேருந்து பிரெஞ்சு வழியா வந்தது, சில்வான்னா காடு, ஆக சேவேஜ்னா காட்டு ஆளு, நம்ம காட்டுமிராண்டிக்குள்ளயும் அதே காடு உக்காந்திருக்கு பாருங்க. ஃபெரல், ஃபியர்ஸ் ரெண்டும் ஃபெரஸ்ங்கிற ஒரே லத்தீன் வார்த்தையோட பிள்ளைங்க. வில்டர்னஸ்குள்ள டியர் ஒளிஞ்சிருக்கு, பழைய இங்கிலீஷ்ல டியர்னா மான் மட்டும் இல்ல, எல்லா மிருகமும்தான், ஆக வில்டர்னஸ்னா அடங்காத மிருகங்களோட இடம். அங்க வழி தப்பி முழிக்கிறதுதான் பிவில்டர். எதிர்ப்பக்கம் டொமெஸ்டிக்குள்ள டோமஸ், அதாவது வீடு. கிரேக்கத்துல அடக்க முடியாததுக்கு அடமாஸ்னு பேரு, அதுலேருந்து வந்ததுதான் டயமண்ட். ஒரு கல்லைப் பார்த்து அடங்காப்பிடாரின்னு பேரு வச்சிருக்காங்க, எனக்கு இது ரொம்பப் பிடிச்சிருந்துச்சு.

ஒரு வேறுபாட்டை மட்டும் மொதல்லயே சொல்லிடறேன், ஏன்னா நிறைய பேரு இதுல குழம்பறாங்க. டேம் வேற, டொமெஸ்டிகேட்டட் வேற. டேம்ங்கிறது அந்த ஒரு மிருகம் ஆளுக்குப் பழகினது. டொமெஸ்டிகேட்டட்ங்கிறது தலைமுறை தலைமுறையா மனுஷன் பார்த்துப் பார்த்து இணை சேர்த்து, அந்த வம்சமே மாறினது. யானை எவ்ளோ வேலை செஞ்சாலும் அது டேம்தான், ஏன்னா பெரும்பாலும் காட்டுலேருந்து புடிச்சுப் பழக்கினதுதான், இதோட குட்டி சாதுவா பொறக்கணும்னு நூறு தலைமுறை யாரும் தேர்ந்தெடுத்து வளர்க்கல. தமிழ்ல இதை நாம அழகா பிரிச்சு வச்சிருக்கோம், பழக்கின யானை, வளர்ப்பு நாய். இந்த இடத்துல அகராதியைவிட பேச்சுத் தமிழ் தெளிவு. 1959ல பெல்யாயெவ்னு ஒரு சோவியத் விஞ்ஞானி சைபீரியாவுல நரிங்களை வச்சு ஆரம்பிச்ச சோதனை இந்த வித்தியாசத்தைக் கண்ணுக்கு நேரா காட்டுச்சு. மனுஷனைக் கண்டு மிரளாத நரிங்களை மட்டும் தேர்ந்தெடுத்து இணை சேர்த்துக்கிட்டே போனாங்க, கொஞ்ச தலைமுறையிலயே வாலாட்டுற நரிக்குட்டி பொறக்க ஆரம்பிச்சுடுச்சு. அதை யாரும் பழக்கல, அது அப்படியே பொறந்துச்சு.

இப்ப ஃபெரலுக்கு வருவோம். வம்சமே மாறினது திரும்பவும் மனுஷன் கையை விட்டுப் போனா அதான் ஃபெரல். பழைய நிலைக்கே திரும்பிடுதுன்னு நினைப்போம், அப்படி இல்ல. காட்டுக்கு ஓடின வளர்ப்புப் பன்னிக்கு முடி அடர்த்தியாகுது, ஆனா வளர்ப்புல சுருங்கின மூளை பெரும்பாலும் காட்டுப்பன்னி அளவுக்குத் திரும்பப் பெருசாகுறதில்ல. வீட்டோட முத்திரை உடம்புல இருந்துக்கிட்டே இருக்கும்.

ஓனர் விஷயம் இன்னும் பச்சையா தெரியணும்னா இங்கிலீஷ் சட்டத்தைப் பார்க்கணும். ரோமன் சட்டத்துலேருந்து வந்த ஒரு பிரிவினை, மிருகத்துல ஃபெரே நாச்சுரே, அதாவது காட்டுச் சுபாவம், ஒரு வகை, டொமிட்டே நாச்சுரே, அதாவது வீட்டுக்கு அடங்கின சுபாவம், இன்னொரு வகை. முதல் வகை யாருக்கும் சொந்தமில்ல, புடிச்சவனுக்குத்தான் சொந்தம், கையை விட்டுப் போயிடுச்சுன்னா மறுபடியும் யாருக்கும் சொந்தமில்ல. அப்ப காட்டுலேருந்து புடிச்சு வளர்க்கிற புறா, மானு? அது காலைல போயி சாயங்காலம் வருதே? அதுக்கும் ஒரு விதி, அனிமஸ் ரெவெர்டெண்டி, திரும்பி வர்ற எண்ணம். திரும்பி வர்ற பழக்கம் இருக்கிற வரைக்கும் உன்னோடது, பழக்கம் விட்டுப்போச்சுன்னா போனதுதான். கூட்டை விட்டுப் பறந்த தேனீக் கூட்டம் உன் கண்ணுல படுற வரைக்கும், துரத்திப் போக முடியுற வரைக்கும் உன்னோடதுன்னு ரோமன் சட்டம் சொல்லுது. தேனீயோட மனசுக்குள்ள என்ன எண்ணம்னு கோர்ட்டு கேக்குது, யோசிச்சுப் பாருங்க. 1805ல நியூயார்க்ல ஒரு நரி கேஸ், இன்னைக்கும் அமெரிக்க சட்டக் கல்லூரியில ஆரம்பப் பாடமா ஓடுது. போஸ்ட்ங்கிறவரு நாய்ங்களோட ஒரு நரியைத் துரத்திக்கிட்டு வர்றாரு, பியர்சன்ங்கிறவரு குறுக்க பூந்து அதைக் கொன்னு தூக்கிக்கிட்டுப் போயிட்டாரு. துரத்தினதால மட்டும் சொந்தமாயிடாதுன்னு தீர்ப்பு, நரி பியர்சனுக்கு. நரி எவ்ளோ மூர்க்கமானதுன்னு அந்த வழக்குல யாருக்கும் கவலையில்ல.

இதே கண்ணோட அமெரிக்க மேற்குப் பகுதி வார்த்தைங்களைப் பாருங்க. சாமுவேல் மேவரிக்னு ஒரு டெக்சாஸ் வக்கீல், 1836ல டெக்சாஸ் சுதந்திரப் பிரகடனத்துல கையெழுத்துப் போட்டவங்கள்ல ஒருத்தரு. கடனுக்கு ஈடா ஒரு மாட்டு மந்தை அவர் கைக்கு வந்துச்சு, அதுக்கு சூடு போட்டு அடையாளம் வைக்காம அப்படியே திரிய விட்டுட்டாரு. சூடு இல்லாத கன்னுக்குட்டியைக் கண்டா எல்லாரும் அது மேவரிக்கோடதுன்னு சொல்ல ஆரம்பிச்சு, அப்புறம் கட்சிக்கு அடங்காத அரசியல்வாதி வரைக்கும் அந்தப் பேரு போயிடுச்சு. மேவரிக்னா தனி வழி நடக்கிற வீரன்னு இன்னைக்கு நினைக்கிறோம், மூலத்துல அது முத்திரை குத்தாத கன்னுக்குட்டி, அவ்ளோதான்.

மஸ்டாங் இன்னும் சுவாரசியம். ஸ்பானிஷ் கால்நடைக்காரங்க சங்கத்துக்கு மெஸ்தான்னு பேரு, சொந்தக்காரன் யாருன்னு தெரியாத தப்பிவந்த மிருகம் மெஸ்தெனோ, அதுதான் மஸ்டாங். குதிரை இனம் வட அமெரிக்காவுலயே உருவாகி, சுமார் 10,000 வருஷத்துக்கு முன்னாடி அங்க அழிஞ்சு போயி, 16ஆம் நூற்றாண்டுல ஸ்பானியர்களோட கப்பல்ல திரும்பி வந்துச்சு. இப்ப மேயுறது அந்த வளர்ப்புக் குதிரையோட வாரிசுங்க, உயிரியல்படி ஃபெரல். ஆனா 1971ல அமெரிக்கா போட்ட பாதுகாப்புச் சட்டத்துல அதை வைல்ட்னு எழுதிட்டாங்க. வைல்ட்னா பாதுகாக்கணும், ஃபெரல்னா அப்புறப்படுத்தணும், அதனால ஒரு தரப்பு அது தாய்வீடு திரும்பின பிள்ளைன்னுது, இன்னொரு தரப்பு மேய்ச்சலை நாசம் பண்ற ஓடுகாலின்னுது, நடுவுல குதிரை பாட்டுக்கு புல்லு மேயுது.

வேடிக்கையா படிச்சுக்கிட்டு வந்தவன் மரூன்ங்கிற வார்த்தைகிட்ட வந்ததும் நின்னுட்டேன். கலர் மரூன் இல்ல, அது பிரெஞ்சு செஸ்நட் கொட்டையோட பேருலேருந்து வந்த வேற வார்த்தை. இது ஸ்பானிஷ் சிமரோன். கரீபியன் தீவுல மலைக்கு ஓடிப்போன வளர்ப்பு மாட்டுக்குத்தான் மொதல்ல அந்தப் பேரு வச்சாங்க, அதாவது அச்சு அசலா ஃபெரல். அதுக்கப்புறம் தப்பி ஓடின பூர்வகுடி ஆளுங்களுக்கு, அப்புறம் தப்பி ஓடின ஆப்பிரிக்க அடிமைகளுக்கு. மாடு ஓடினாலும் மனுஷன் ஓடினாலும் ஒரே பேரு, ஏன்னா பேரு வச்சவன் கணக்குல ரெண்டுமே கைவிட்டுப் போன சொத்து. ஓடினவங்க பார்வையில அது விடுதலை, ஆனா அகராதியை அவங்க எழுதல. இருந்தும் ஜமைக்கா மரூன்கள் சண்டை போட்டு 1739ல பிரிட்டிஷ்காரனையே ஒப்பந்தம் போட வச்சாங்க. ஃப்ளோரிடாவோட செமினோல் மக்கள் பேரும் இதே சிமரோன்லேருந்து போனதுதான்.

ரோக் மட்டும் எதிர்த்திசையில போன வார்த்தை, மனுஷன்லேருந்து மிருகத்துக்கு. எஜமான் இல்லாம ஊர் சுத்துற ஆளுதான் ரோக். 1572ல இங்கிலாந்துல வந்த சட்டப்படி அப்படித் திரியுறவனைப் புடிச்சா சவுக்கடி, கூடவே பழுக்கக் காய்ச்சின இரும்பால வலது காதுல ஓட்டை. மேவரிக்கோட கன்னுக்குட்டிக்கு விழாத சூடு இங்க மனுஷனுக்கு விழுந்துச்சு. பின்னாடி மந்தையை விட்டுத் தனியா அலையுற யானைக்கு ரோக்னு பேரு போச்சு, அதுக்கும் அப்புறம் விதைக்காக வளர்க்கிற வயல்ல ரகம் மாறி நிக்கிற செடிக்கு. அதைப் பிடுங்கி எறியுறதை இன்னைக்கும் விதைத் துறையில ரோகிங்னுதான் சொல்றாங்க, நம்மாளுங்க கலவன் எடுக்கிறதும்பாங்க.

வல்லூறு வச்சு வேட்டையாடுறவங்க மட்டும் இதுல வேற மாதிரி. அவங்களுக்கு பறவை எந்த வயசுல கைக்கு வந்துச்சுங்கிறதுதான் முக்கியம். கூட்டுலேருந்தே எடுத்த குஞ்சு ஐயஸ், முதல் வலசையில புடிச்சது பேசேஜ், முழுசா வளர்ந்து காத்துல தானே வேட்டை கத்துக்கிட்டதைப் புடிச்சா ஹேகர்ட். ஐயஸ் ஆளைப் பார்த்தா சோறு கேட்டுக் கத்திக்கிட்டே இருக்கும், பயம் கிடையாது, ஆனா வேட்டை அரைகுறை. ஹேகர்டைப் பழக்கிறது நரகம், பழகிட்டா அதுக்கு இணையே இல்ல. பழக்கிறதுக்கு மேன் பண்றதுன்னு பேரு. கையில தடிச்ச தோல் உறையை மாட்டி, அதுமேல பறவையை உக்கார வச்சு, கால்ல கட்டின தோல்வாரை விரலிடுக்குல புடிச்சுக்கிட்டு, ராத்திரி பூரா அது தூங்காம கூடவே உக்காந்திருக்கணும். அது சிறகடிச்சுக் கையிலேருந்து விழுந்து தலைகீழா தொங்கும், தூக்கி உக்கார வைக்கணும், மறுபடி விழும், மறுபடி தூக்கணும். கடைசியில தூக்கம் தாங்காம மனுஷன் கை மேலயே கண்ணை மூடும், அன்னைக்குத்தான் முதல் நம்பிக்கை. ஷேக்ஸ்பியரோட ஒத்தெல்லோ பெண்டாட்டியைச் சந்தேகப்படும்போது அவளை இந்த ஹேகர்டோடதான் ஒப்பிடுவான். இன்னைக்கு ஹேகர்ட்னா கண்ணு குழிவிழுந்து களைச்சுப்போன முகம். பறவை முகமா, பழக்கினவன் முகமான்னு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

செடிக்கு வந்தா இங்கிலீஷ் கொஞ்சம் சிரிச்ச முகமா ஆயிடுது. போன போகம் சிந்தின விதை இந்தப் போகத்துல தானா முளைச்சா அது வாலண்டியர். கூப்பிடாமலே சேவைக்கு வந்து நிக்குது பாவம். உருளை எடுத்த நிலத்துல அடுத்து வேற பயிர் போட்டா, நடுவுல முளைக்கிற உருளைச் செடி களை. போன வருஷம் வருமானம், இந்த வருஷம் பிடுங்கி எறி. தோட்டத்துலேருந்து வெளிய பரவினது எஸ்கேப், தாவரவியல் புத்தகத்துலயே அப்படித்தான் எழுதுவாங்க, நம்ம 'மச்சான் எஸ்கேப்' மாதிரியே. இதுல பேர்போன எஸ்கேப் ஆக்ஸ்ஃபோர்ட் ராக்வார்ட்ங்கிற மஞ்சப்பூச் செடி. சிசிலியில எட்னா எரிமலைச் சரிவுல வளர்றது, ஆக்ஸ்ஃபோர்ட் தாவரவியல் பூங்காவுல வச்சு வளர்த்தாங்க, 18ஆம் நூற்றாண்டு கடைசியில சுவரேறிக் குதிச்சுடுச்சு. 19ஆம் நூற்றாண்டுல ரயில் வந்ததும் தண்டவாளத்துக்கு அடியில கொட்டின சரளையும் கரிக்கசடும் அதுக்கு எரிமலைச் சாம்பல் மாதிரியே இருந்துச்சு, ரயில் கிளப்புற காத்துல விதை பறந்து, தண்டவாளத்தோடயே இங்கிலாந்து முழுக்கப் போயிடுச்சு. டிக்கெட் எடுக்காத பயணி.

நெல்லுலயும் ஃபெரல் உண்டு. பயிர் நெல்லுக்கும் காட்டு நெல்லுக்கும் முக்கிய வித்தியாசம், பயிர் நெல்லு முத்தினாலும் கதிர்லயே நிக்கும், காட்டு நெல்லு உதிர்ந்து மண்ணுல விழுந்துடும். அறுக்கிறவனுக்கு நிக்கிறது வேணும், செடிக்கு உதிர்றதுதான் பிழைப்பு. உலகத்துல பல இடங்கள்ல பயிர் நெல்லோட வம்சத்துலேருந்தே வந்த களைநெல்லு திரும்பவும் உதிரக் கத்துக்கிச்சு, பார்க்க நாத்து மாதிரியே இருக்கும், களை எடுக்கிற கைக்கு அடையாளம் தெரியாது. எதிர்த்திசையில ரைங்கிற தானியம் கோதுமை வயல்ல களையா இருந்து, கோதுமை மாதிரியே வேஷம் போட்டுப் போட்டு கடைசியில பயிராவே ஆயிடுச்சுன்னு சோவியத் தாவரவியலாளர் வவிலோவ் சொன்னாரு. ஆனா வைல்ட் ரைஸ்னு பாக்கெட்ல வர்றது நெல்லே இல்ல, சிசானியாங்கிற வேற புல்லு, அதுவும் இப்ப பெரும்பாலும் வயல்ல நட்டு வளர்க்கிறதுதான். வைல்டும் பொய், ரைஸும் பொய்.

மனுஷனைப் பத்தி இந்த வார்த்தைங்க பேசும்போது சிரிப்பு நின்னுடும். 1776 அமெரிக்க சுதந்திரப் பிரகடனம் எல்லா மனுஷனும் சமம்னு ஆரம்பிச்சு, கீழ வர்றப்ப பூர்வகுடிகளை இரக்கமில்லாத சேவேஜ்னு எழுதுது. 1877ல லூயிஸ் ஹென்றி மார்கன்ங்கிற மானிடவியலாளர் அதை ஒரு ஏணியாவே ஆக்கிட்டாரு, கீழ் படி சேவேஜரி, மண்பானை செய்யக் கத்துக்கிட்டா பார்பரிசம், எழுத்து வந்தா நாகரிகம். திட்டுற வார்த்தை விஞ்ஞான வார்த்தையா மாறுறதுக்கு ஒரு நூறு வருஷம் போதுமா இருந்திருக்கு.

1725ல ஜெர்மனியில ஹாமெல்ன் ஊருக்குப் பக்கத்துல பேச்சு வராத ஒரு பையன் கிடைச்சான். ராஜா முதலாம் ஜார்ஜ் அவனை லண்டனுக்குக் கொண்டுவந்து அரண்மனையில வேடிக்கை காட்டினாரு, பீட்டர் த வைல்ட் பாய்னு ஊரே பேசுச்சு. உயிரினங்களை வகைப்படுத்திப் பேரு வச்ச ஸ்வீடன் விஞ்ஞானி லின்னேயஸ் 1758ல மனுஷ இனத்தைப் பட்டியல் போடும்போது இப்படிப்பட்ட பிள்ளைங்களுக்காகவே ஃபெரஸ்னு தனியா ஒரு வரி போட்டாரு, நாலு கால்ல நடக்கும், பேசாது, ரோமம் உண்டுன்னு. அரண்மனைக்கு சலிச்சுப்போனதும் பீட்டரை ஒரு கிராமத்துப் பண்ணைக்கு அனுப்பிட்டாங்க, அங்கேருந்து அவன் அடிக்கடி வழி தப்பிப் போவான்னு கழுத்துல ஒரு தோல்பட்டை மாட்டிவிட்டாங்க. பேரு, ஊரு, கொண்டுவந்து விட்டா சன்மானம் உண்டுன்னு அதுல எழுதியிருக்கும். அந்தப் பட்டை இன்னைக்கும் பத்திரமா இருக்கு. அவன் 1785ல கிழவனா செத்தான், அது வரைக்கும் பேரு வைல்ட்தான்.

இப்ப சேவேஜ்னு ஒரு இனத்தைச் சொன்னா அசிங்கம், வைல்ட்னா பாராட்டு. ஆகவே திட்ட வேண்டிய வேலையெல்லாம் ஃபெரல் தலையில விழுந்திருக்கு. 2007ல அப்போதைய பிரிட்டிஷ் பிரதமர் டோனி பிளேர் பத்திரிகைகளை ஃபெரல் மிருகம்னாரு. 2011 லண்டன் கலவரத்துக்கு அப்புறம் அப்போதைய பிரிட்டிஷ் நீதித்துறை அமைச்சர் கென்னத் கிளார்க் ஃபெரல் அடித்தட்டுன்னு ஒரு கும்பலைச் சொன்னாரு. ஏன் வைல்ட்னு சொல்லல? வைல்டுக்கு ஓனர் எப்பவுமே இருந்ததில்ல, அதுமேல கோவப்பட நியாயமில்ல. ஃபெரல்னா நம்ம வீட்டுல இருந்தது, கட்டுல இருந்திருக்கணும், கயித்தை அத்துக்கிட்டுப் போயிடுச்சு. அட, இதுக்கு நம்மகிட்ட வார்த்தை இருக்கே, அவுத்துவிட்ட கழுதை! கட்டி வச்சிருந்ததைத்தானே அவுக்க முடியும். தண்ணி தெளிச்சு விட்டாச்சுன்னு ஒருத்தனைச் சொல்றதும் இதுக்குப் பக்கம்தான், அவன் எப்படியோ போகட்டும், இனி நம்ம பொறுப்பில்ல.

பூனைக்கு அவுத்துவிட்டன்னு போட முடியாது, பூனையை யாரு கட்டினா. சப்டைட்டில்ல ஒரு வரிக்கு எழுத்து எண்ணிக்கை வேற கணக்கு, வீட்டை விட்டுப் போயி காட்டுல வாழப் பழகின வீட்டுப்பூனைன்னு எல்லாம் நீட்ட வழியில்ல. காடேறின பூனைன்னு ஒண்ணு தோணுச்சு, எனக்கு அப்படி ஒரு சந்தோஷம், அனுப்பினேன். "காட்டேரி வருதுன்னு பிள்ளைங்க டிவியை அணைச்சுடும்"னு அண்ணன்கிட்டேருந்து பதில். கடைசியா "வைல்ட்கேட் இனத்துக்குப் பெரிய ஆபத்து, வீடு விட்ட பூனைகள்"னு போட்டோம். வைல்ட்கேட்டை அப்படியே விட்டுட்டோம், காட்டுப்பூனைங்கிற பேரை அந்த நாணல் பூனைக்கே விட்டுக்கொடுத்தாச்சு.

அடுத்த எபிசோட் ஆஸ்திரேலியா டிங்கோ. குறைஞ்சது 3,000 வருஷத்துக்கு மேல அங்க இருக்கு, மனுஷனோட படகுலதான் வந்திருக்கணும், வளர்ப்பு நாயா வந்து காடேறினதா, வளர்ப்பே ஆகாத நாயான்னு ஆராய்ச்சிக்காரங்க இன்னும் அடிச்சுக்கிறாங்க. பாதுகாக்கணும்னு பேசும்போது டிங்கோங்கிறாங்க, ஆட்டைக் கடிச்சுது, விஷம் வைக்கணும்னு பேசும்போது அதே நாயை வைல்ட் டாக்ங்கிறாங்க. ஸ்கிரிப்ட்ல ரெண்டும் மாறி மாறி வருது. அண்ணன் இன்னும் பார்க்கல.